தண்ணீர்ப் பலகை: கொங்கு ஊர்களில் கிணற்று மட்டத்தை ஊருக்கே எழுதிக் காட்டுவது எப்படி

"தண்ணீரைச் சேமிப்போம்" என்று பள்ளிக்கூடச் சுவரிலும் ஊராட்சி அலுவலகச் சுவரிலும் எழுதியிருப்பதை இப்போது யாரும் நின்று படிப்பதில்லை. போன வருடமும் அதே வாசகம்தான், அடுத்த வருடமும் அதே வாசகம்தான். அதே சுவரில் "கிணறு 3: போன வாரம் 54 அடி, இந்த வாரம் 55 அடி" என்று தண்ணீர் நிற்கும் ஆழத்தை எழுதிப் பாருங்கள். பால் ஊற்ற வருகிறவர் கேனைக் கீழே வைத்துவிட்டுப் படிப்பார். வீட்டுக்குப் போனதும் தன் கிணற்றை எட்டிப் பார்ப்பார். அந்த எட்டிப் பார்த்தல்தான் விழிப்புணர்வு.

அப்படி ஒரு பலகையை ஆரம்பித்து ஒரு வருடம் விடாமல் நடத்துவதற்கான வழிமுறை இது. ஊர்வலமும் பேச்சுப் போட்டியும் துண்டறிக்கையும் தாராளமாக நடத்தலாம். ஆனால் அவை ஒரு நாள் காரியம். தண்ணீர் ஒரு நாளில் காணாமல் போவதில்லை, வாரத்துக்கு அரையடி, ஓரடி என்று இறங்குகிறது. அதை ஊர் கண்ணால் பார்க்க வேண்டுமானால் வாரா வாரம் எழுத வேண்டும்.

தை மாதத்தில் தொடங்குவது நல்லது. ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்து மட்டம் மேலே நிற்கும் நேரம் அது. தையில் எழுதிய எண்ணும் சித்திரையில் எழுதிய எண்ணும் ஒரே பலகையில் நின்றால் வேறு பிரசங்கம் தேவைப்படாது.

நம் மண்ணின் கணக்கு

களத்தில் இறங்குமுன் இதைப் புரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் முதல் கேள்வியே இங்கிருந்துதான் வரும். மேற்கு மலை தென்மேற்குப் பருவமழையை மறித்துக்கொள்கிறது. சிறுவாணிப் பக்கம் ஆடியில் கொட்டும்போது பல்லடத்திலும் காங்கேயத்திலும் காற்றுதான் அடிக்கும். சமவெளியில் வருடத்துக்கு ஏறக்குறைய 600 முதல் 700 மில்லிமீட்டர் மழை. அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் பெய்தாக வேண்டும். அது பொய்த்தால் என்ன ஆகும் என்பதை 2016 காட்டியது. அந்த வருடம் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் இயல்பைவிட 62 சதவீதம் குறைந்தது. 2017 ஜனவரியில் மாநிலத்தின் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவை என்று அரசு அறிவித்தது. தென்னை மரங்கள் தலை கவிழ்ந்து நின்றதைப் பார்த்தவர்கள் இன்னும் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள்.

இரண்டாவது, பாறை. நம் பகுதியில் மேல்மண்ணுக்கும் சிதைந்த பாறைக்கும் கீழே கெட்டிப் பாறைதான். தண்ணீரைப் பஞ்சு மாதிரி பிடித்து வைப்பது மேலே இருக்கும் அந்தச் சிதைந்த பாறை அடுக்கு. அதற்குக் கீழே வெடிப்புகளில் மட்டுமே தண்ணீர் நிற்கும். 1,000 அடிக்குப் போர் (ஆழ்துளைக் கிணறு) போட்டால் 1,000 அடிக்கும் தண்ணீர் நிற்பதாக அர்த்தமில்லை. எங்கோ இரண்டு மூன்று வெடிப்புகளைத் தொட்டிருக்கிறோம், அவ்வளவுதான். பக்கத்துத் தோட்டத்துப் போரும் அதே வெடிப்பைத் தொட்டிருந்தால் இரண்டு பேரும் ஒரே சொம்பில் குடிக்கிறோம். "கீழே ஆறு ஓடுதுங்க" என்று யாராவது சொன்னால் கூட்டத்தில் வாதாட வேண்டாம். தேங்காய் வைத்து நீரோட்டம் பார்க்கிறவரையும் மறுத்துப் பேச வேண்டாம். ஆறு மாதப் பலகையைக் காட்டினால் போதும்.

ஆளும் கிணறும்

நான்கு பேர் போதும். தண்ணீர் திறந்துவிடும் டேங்க் ஆபரேட்டர் கட்டாயம் வேண்டும். எந்த லைனில் எத்தனை நிமிடம் தண்ணீர் போகிறது, எந்த கேட்வால்வு கசிகிறது என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். ஒரு ஆசிரியர், பால் சொசைட்டியில் கணக்கு எழுதுகிறவர், தெருவுக்கெல்லாம் பழக்கமான ஒரு பெண். மகளிர் குழுவில் கேட்டால் கிடைப்பார்கள்.

ஒரு சிற்றூருக்கு ஆறு கிணறு எடுத்துக்கொள்ளுங்கள். குட்டைக்குப் பக்கத்தில் ஒன்று, பள்ளத்தோரம் ஒன்று, மேட்டாங்காட்டில் ஒன்று, ஊர்ப் பொதுக்கிணறு ஒன்று, இவற்றோடு இரண்டு போர். எல்லாமே குட்டையைச் சுற்றி இருந்தால் பலகை எப்போதும் நல்ல செய்தியே சொல்லும். பாழ்பட்டுக் கிடக்கும் கிணற்றை ஒதுக்காதீர்கள். யாரும் இறைக்காததால் நிலத்தடி மட்டத்தை ஒளிவுமறைவின்றிக் காட்டுவது அதுதான்.

உரிமையாளரிடம் முன்கூட்டியே பேச வேண்டும். "அளந்துட்டுப் போயி ஆப்பீசுல சொல்லிப் போடுவீங்களா?" என்ற பயம் எல்லோருக்கும் உண்டு, அது நியாயமானதும்கூட. "உங்க பேரே வராதுங்க, கெணத்து நெம்பர் மட்டுந்தானுங்க எழுதுவோம்" என்று சொல்லுங்கள். சொன்னபடி நடந்துகொள்ளுங்கள். பலகையில் ஒரு முறை பெயர் ஏறிவிட்டால் அடுத்த வாரம் தோட்டத்துக் கேட் பூட்டியிருக்கும்.

அப்படிப் போகும்போதே பழைய கணக்கையும் வாங்கிவிடலாம். பெரியவர்களிடம் வருடத்தைக் கேட்டால் வராது, சம்பவத்தைக் கேட்டால் வரும். "ஏனுங்க அப்பாரு, இந்தக் கெணறு கட்டோட வத்துனது எப்பங்க?" "நம்ம பெரியவன் காலேஜு சேந்தானல்லொ, அந்த வருசம் கண்ணு." பெரியவனிடம் எந்த வருடம் சேர்ந்தார் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பழைய மோட்டார் மேடை எத்தனையாவது அடியில் இருந்தது, பிறகு எத்தனை முறை கீழே இறக்கினார்கள் என்பதைக் கிணற்றுச் சுவரே காட்டும். முதல் வருடம் ஒப்பிடுவதற்கு உங்களிடம் வேறு எண் இருக்காது, இதுதான் கைப்பொருள்.

திறந்த கிணற்றை அளப்பது

வேண்டியவை: 30 மீட்டர் ஃபைபர் டேப் (100 அடிக்குச் சற்றுக் குறைவு, அதைவிட ஆழத்தில் தண்ணீர் நின்றால் 50 மீட்டர் டேப்), 200, 300 கிராம் எடையுள்ள ஒரு போல்ட், கரும்பலகைச் சாக்குக்கட்டி, சிவப்பு பெயின்ட், நோட்டுப் புத்தகம். நைலான் கயிறு வேண்டாம், இழுக்க இழுக்க நீளும். பருத்திக் கயிறும் வேண்டாம், நனைந்தால் சுருங்கும். கயிற்றில் முடிச்சுப் போட்டு அளந்தால் நான்கு வாரத்தில் ஓரடி பிசகு வந்துவிடும், இறங்கியது தண்ணீரா கயிறா என்றே தெரியாது.

கைப்பிடிச் சுவரில் ஒரே இடத்தில் பெயின்ட் குறி வையுங்கள். எப்போதும் அங்கிருந்துதான் அளக்க வேண்டும். குறி தரையிலிருந்து எத்தனை உயரம் என்பதை ஒரு முறை அளந்து நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

டேப்பின் நுனியில் போல்ட்டைக் கட்டி, நுனியிலிருந்து நாலடி நீளத்துக்குச் சாக்குக்கட்டியைத் தேய்த்துவிடுங்கள். தண்ணீர் இருக்கும் ஆழத்துக்குச் சற்று அதிகமாக, முழு அடிக்கணக்கில் இறக்குங்கள். உதாரணமாக, டேப்பின் 60 அடிக் கோட்டைச் சரியாகப் பெயின்ட் குறியில் வைத்துப் பிடிக்கிறீர்கள். மேலே இழுத்துப் பார்த்தால் நுனியிலிருந்து 2 அடி 4 அங்குலம் வரை சாக்குப்பொடி நனைந்து கறுத்திருக்கிறது. 60 அடியிலிருந்து அதைக் கழித்தால் 57 அடி 8 அங்குலம். கைப்பிடிச் சுவர் 3 அடி என்றால் தரையிலிருந்து 54 அடி 8 அங்குலம். இரண்டு முறை அளந்து இரண்டும் ஓர் அங்குலத்துக்குள் ஒத்துவந்தால் எழுதுங்கள். இல்லையென்றால் மூன்றாவது முறையும் அளக்க வேண்டும். கிணற்றுச் சுவரில் வழியும் ஊற்றுத் தண்ணீர் டேப்பில் பட்டால் பொடி மேலேயும் நனையும். சுவரிலிருந்து ஓர் அடி தள்ளித் தொங்கவிட்டால் அந்தத் தொல்லை இல்லை.

நேரம் மிக முக்கியம். ஞாயிற்றுக்கிழமை காலை, மோட்டார் எடுப்பதற்கு முன். முதல் நாள் இரவே ஆட்டோ ஸ்டார்ட்டரை அணைத்துவைக்கச் சொல்லுங்கள். மும்முனை மின்சாரம் வந்ததும் அது தானாக மோட்டாரை எடுத்துவிடும். இறைத்துக்கொண்டிருக்கும் கிணற்றின் மட்டம் நிலத்தடி மட்டம் ஆகாது. "இந்த வாரம் மூணு அடி இறங்கிடுச்சு" என்று பதறவைக்கும் எண்களில் பெரும்பாலானவை இப்படி வந்தவைதான்.

தனியாக யாரும் அளக்கப் போகக் கூடாது. குழந்தைகளை அனுப்பவே கூடாது. கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு என்றால் குப்புறப் படுத்து அளக்க வேண்டும், ஒருவர் காலைப் பிடித்துக்கொள்ள வேண்டும். எக்காரணம் கொண்டும் உள்ளே இறங்க வேண்டாம். பாழ்கிணற்றில் விஷவாயு நிற்கும்.

இந்த எண்ணை லிட்டராக மாற்றிக் காட்டினால் இன்னும் உறைக்கும். ஒரு கன அடி என்பது 28.3 லிட்டர். 30 அடிக்கு 30 அடி சதுரக் கிணற்றில் ஓரடித் தண்ணீர் 900 கன அடி, அதாவது சுமார் 25,500 லிட்டர். 20 அடி விட்டமுள்ள வட்டக் கிணற்றில் ஓரடிக்குச் சுமார் 8,900 லிட்டர். "ஓரடி இறங்கிடுச்சு" என்பது காதில் லேசாக விழும். அந்தச் சதுரக் கிணற்றில் 12,000 லிட்டர் தண்ணீர் லாரி இரண்டு போய்விட்டது என்றால் நிமிர்ந்து பார்ப்பார்கள்.

போர் அளப்பது

போருக்குள் டேப்பையோ கயிற்றையோ இறக்காதீர்கள். குழாய், கேபிள், தாங்கு கயிறு எல்லாம் உள்ளே இருக்கும். சிக்கிக்கொண்டால் மோட்டாரையே தூக்க வேண்டிவரும், அந்தச் செலவை யார் கொடுப்பது?

மட்டம் 200 அடிக்குள் இருந்தால் இரட்டை ஒயர் முறை நன்றாக வேலை செய்யும். மெல்லிய இரட்டை ஒயரின் ஒரு முனையில் இரண்டு கம்பிகளையும் ஒரு சென்டிமீட்டர் அளவுக்குத் தோல் உரித்து, ஒன்றையொன்று தொடாதபடி ஒரு சிறு பிளாஸ்டிக் குழாய்த் துண்டுக்குள் வைத்துக் கட்டுங்கள். போரின் வெளிக்குழாயான கேசிங் இரும்பில் பட்டுத் தப்பாகக் காட்டாமல் இருக்கவே இந்தக் குழாய். கீழே சிறு எடை. மேல்முனையை மல்டிமீட்டரில் ஓம்ஸ் அளவில் பொருத்துங்கள். பத்தடிக்கு ஒரு வண்ண டேப் சுற்றுங்கள். கேசிங்குக்கும் குழாய்க்கும் நடுவே மெதுவாக இறக்கும்போது நுனி தண்ணீரைத் தொட்டதும் மீட்டர் அசையும். ஈரச் சுவரில் பட்டாலும் அசையும் என்பதால் தூக்கித் தூக்கி மூன்று முறை இறக்கி, ஒரே இடத்தில் அசைந்தால் மட்டும் எழுதுங்கள். ஸ்டார்ட்டர் அணைந்திருந்தால் போதாது, மெயின் சுவிட்சையும் அணைத்துவிட்டுத்தான் போர் மூடியைத் திறக்க வேண்டும்.

தண்ணீர் 500, 600 அடியில் நிற்கும் போர்களுக்கு இந்த வித்தை பலிக்காது. அங்கே டிரம் கணக்கு. 200 லிட்டர் டிரம்மைக் குழாய்க்குக் கீழே வைத்து, நிரம்பும் நேரத்தைக் கைப்பேசியில் பாருங்கள். 2 நிமிடம் 30 விநாடியில் நிரம்பினால் நிமிடத்துக்கு 80 லிட்டர். மோட்டார் எடுத்துப் பத்து நிமிடம் கழித்து ஒரு முறை, ஒரு மணி நேரம் கழித்து ஒரு முறை அளக்க வேண்டும். முதல் அளவு நன்றாக இருந்து, இரண்டாவது அளவு பாதியானால் வெடிப்பில் ஊறும் வேகம் குறைந்துவிட்டது என்று அர்த்தம். எத்தனை நிமிடத்தில் காற்று வாங்க ஆரம்பிக்கிறது என்பதையும் எழுதுங்கள். "ரெண்டு இஞ்ச் தண்ணி" என்று ஊரில் சொல்லும் கணக்கைவிட இது துல்லியம். ஆனால் பலகையில் இரண்டையும் எழுதினால்தான் பழக்கப்பட்டவர்களுக்குப் புரியும்.

சுற்றி வரும்போது மூடாமல் விட்ட பழைய போர் கண்ணில் பட்டால் அன்றைக்கே ஊராட்சியில் சொல்லி, மண்ணும் சரளையும் போட்டுத் தரைமட்டம் வரை நிரப்பச் செய்யுங்கள். அளவெடுப்பது அடுத்த வாரம்கூட நடக்கும்.

மழை

மேலிருந்து கீழ்வரை ஒரே அகலமுள்ள கண்ணாடி அல்லது பிளாஸ்டிக் பாத்திரம் ஒன்று போதும். இடுப்பு ஒடுங்கிய குளிர்பானப் பாட்டில் ஆகாது. அடிப்பாகம் மேடு பள்ளமாக இருந்தால் கொஞ்சம் சிமென்ட் கலவையை ஊற்றிச் சமப்படுத்தி, அந்த மட்டத்தைப் பூஜ்யமாக வைத்து மில்லிமீட்டர் ஸ்கேலை ஒட்டுங்கள். மரத்தடியும் கூரையோரமும் கூடாது. பக்கத்தில் இருக்கும் கட்டடம் எவ்வளவு உயரமோ அதைப்போல் இரண்டு மடங்கு தூரம் தள்ளி வையுங்கள். தினமும் காலை 8.30 மணிக்குப் பார்த்து எழுதிவிட்டுக் கொட்டிவிடுங்கள். வானிலை மையம் எடுப்பதும் அதே நேரம்தான் என்பதால் செய்தித்தாளில் வரும் அளவோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை ஒரு லிட்டர். இந்த ஒரு வரியைப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தால் மீதியை அவர்களே போட்டுவிடுவார்கள். 1,000 சதுர அடி மொட்டைமாடி சுமார் 93 சதுர மீட்டர். வருடத்துக்கு 600 மில்லிமீட்டர் என்றால் சுமார் 56,000 லிட்டர். சிந்திச் சிதறியது போக 80 சதவீதம் பிடித்தாலும் 45,000 லிட்டர். மழைநீர் சேகரிப்பு 2003-இலேயே தமிழ்நாட்டில் கட்டாயமாக்கப்பட்டது. எத்தனை வீட்டில் அந்தக் குழாய் இன்னும் குழியோடு இணைந்திருக்கிறது என்று பிள்ளைகளை எண்ணி வரச் சொல்லுங்கள். அந்த எண்ணும் பலகைக்கு உரியதே.

குடக் கணக்கு

கிணற்றைவிட வீட்டுக் கணக்கு கடினம், ஆனால் ஊரை அசைப்பது இதுதான். இருபது வீடு போதும். தண்ணீர் வரும் நாள் ஒன்று, வராத நாள் ஒன்று. பிளாஸ்டிக் குடம் ஏறக்குறைய 15 லிட்டர் பிடிக்கும். உங்கள் ஊர்க் குடத்தை ஒரு லிட்டர் பாட்டிலால் அளந்து சரிபாருங்கள். சமையலுக்கு எத்தனை குடம், குளிக்க, துவைக்க, பாத்திரத்துக்கு, மாட்டுக்கு எத்தனை குடம் என்று கேட்டு எழுதுங்கள். கறவை மாடு ஒன்று நாளைக்கு 40, 50 லிட்டர் குடிக்கும், கோடையில் இன்னும் கூடும். அதைச் சேர்க்காமல் "இந்த வீட்டில் செலவு அதிகம்" என்று எழுதினால் அநியாயம். வீட்டு ஆம்பளைகளிடம் கேட்டால் தோராயமாகச் சொல்வார்கள். பெண்களிடம் கேட்டால் குடத்தைக் காட்டிச் சொல்வார்கள். குழாயடியில் எத்தனை நேரம் காத்திருந்தார்கள் என்பதையும் கேளுங்கள்.

கணக்கு ஊரின் கடைக்கோடி வரை போக வேண்டும். லைன் முடியும் இடத்தில்தான் தண்ணீர் மெலிந்து வரும். பல ஊர்களில் அந்த இடம் காலனித் தெருவாக இருக்கிறது. தொட்டிக்குப் பக்கத்து வீடுகளை மட்டும் எண்ணிவிட்டு "நம்ம ஊருல ஆளுக்கு 80 லிட்டர்" என்று எழுதினால் அந்தப் பலகை பொய் சொல்கிறது. முதல் வீட்டு அளவையும் கடைசி வீட்டு அளவையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். சங்கடமாகத்தான் இருக்கும். அதற்காக விட்டுவிடக் கூடாது.

ஒப்பிட ஓர் அளவுகோல்: 2019-இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தில் கிராமத்துக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்று வைத்திருக்கிறார்கள். நம் குடத்தில் மூன்றே முக்காலுக்குச் சற்றுக் குறைவு.

கசிவைக் காட்ட ஒரு டம்ளர் போதும். சொட்டும் குழாய்க்கடியில் 200 மில்லி டம்ளரை வையுங்கள். பத்து நிமிடத்தில் நிரம்பினால் ஒரு நாளைக்கு 144 டம்ளர், சுமார் 29 லிட்டர், அதாவது இரண்டு குடம். வீட்டுக்காரரின் கண்முன்னே டம்ளர் நிரம்ப வேண்டும். நீங்கள் கணக்குப் போட்டுச் சொன்னால் "அப்படீங்களா" என்பார். அவரே பார்த்தால் அன்று மாலையே வாஷர் மாற்றிவிடுவார்.

பலகை

நாலுக்கு ஆறடி, கறுப்பு பெயின்ட், மழைச் சாரல் படாத சுவர். இடம்தான் முக்கியம். கொங்குப் பகுதியில் பால் சொசைட்டிக்குக் காலையும் மாலையும் ஊர் வந்துபோகும். அடுத்தது பேக்கரி வாசல். ஊராட்சி அலுவலகச் சுவர் கடைசித் தேர்வு, அங்கே வேலை இருப்பவர்கள்தான் போவார்கள்.

தொடக்கத்தில் ஐந்து வரிக்கு மேல் எழுத வேண்டாம். ஆறு கிணற்றில் மூன்றை மட்டும் எழுதுங்கள், மீதி நோட்டில் இருக்கட்டும். கிணற்று எண், போன வாரம், இந்த வாரம், வித்தியாசம் அங்குலத்தில். கீழே இந்த வருட மழை. கடைசி வரி மட்டும் ஒவ்வொரு வாரமும் மாறட்டும்: ஒரு வாரம் கசிவு, ஒரு வாரம் குடம், ஒரு வாரம் குட்டை.

இரண்டு மாதம் ஆனதும் "எத்தனை வாரம்" என்ற வரியைச் சேருங்கள். ஊரே கூடி நின்று பேசும் வரி அது. ஃபுட்வால்வுக்கு (மோட்டார் உறிஞ்சும் குழாயின் அடிநுனி வால்வு) மேலே இன்னும் 12 அடித் தண்ணீர் நிற்கிறது, வாரத்துக்கு 9 அங்குலம் இறங்குகிறது என்றால் 144 அங்குலத்தை 9-ஆல் வகுக்க 16 வாரம். மாசிக் கடைசியில் இந்தக் கணக்குப் போட்டால் ஆனி நடுவைத் தாண்டி வந்து நிற்கும். வெயில் ஏற ஏற இறங்கும் வேகமும் கூடும் என்பதால் "இப்போதைய வேகத்தில்" என்ற சொல்லை மறக்காமல் சேர்க்க வேண்டும். வாராவாரம் புதிதாகக் கணக்கிடுங்கள்.

பயமுறுத்துவதற்காக எண்ணைக் கூட்டி எழுதும் ஆசை வரும். வேண்டவே வேண்டாம். 2018-இல் நிதி ஆயோக் வெளியிட்ட அறிக்கை ஒன்று 21 நகரங்களில் 2020-க்குள் நிலத்தடி நீர் தீர்ந்துபோகும் என்றது. 2020 வந்து போயிற்று, தண்ணீர் தீர்ந்துபோகவில்லை. அன்று வாட்ஸ்அப்பில் அதைப் படித்துப் பயந்தவர் அடுத்து வரும் உண்மையான எச்சரிக்கையை எப்படி நம்புவார்? கிணறு ஏறினால் ஏறியது என்றே எழுதுங்கள். மழைக்காலத்தில் எழுதுவதை நிறுத்திவிடுவதுதான் பெரும்பாலான பலகைகள் சாகும் இடம். ஒரே மழையில் எந்தக் கிணறு ஆறடி ஏறியது, எது அசையவே இல்லை என்று தெரிவது அப்போதுதான். எங்கே தடுப்பணை வேண்டும், எந்தக் குட்டை வண்டல் அடைத்துக் கிடக்கிறது என்பதற்கும் அந்த எண்களே சாட்சி.

ஊர்த் திருவிழாவான நோம்பிக்குக் காவிரிக்கரைக் கொடுமுடியிலிருந்து தீர்த்தம் எடுத்து வரும் நாளில் பலகையை நன்றாகத் துடைத்துப் பெரிய எழுத்தில் எழுதிவையுங்கள், ஊர் முழுக்கத் தெருவில் இருக்கும். கும்மி அடிக்கும் குழு இருந்தால் "நாப்பதடியில நின்ன தண்ணி, இன்னிக்கு அம்பதடி போனதென்னடி" என்று உங்கள் கிணற்று எண்ணையே அடியாக எடுத்துக் கொடுக்கலாம்.

உலகத்தைப் பலகைக்குக் கொண்டுவருவது

உலகில் சுமார் 400 கோடிப் பேர் வருடத்தில் ஒரு மாதமாவது கடும் தண்ணீர்த் தட்டுப்பாட்டில் வாழ்கிறார்கள் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். இதை அப்படியே எழுதினால் யாருக்கும் ஒட்டாது. நம் குடத்தில் ஊற்றிக் காட்ட வேண்டும்.

தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரம் 2018-இல் ஆளுக்கு நாளொன்றுக்கு 50 லிட்டர் என்று கட்டுப்படுத்தியது. நம் கணக்கில் மூன்றேகால் குடத்துக்குச் சற்று மேல். குழாயை அடைக்கும் நாளை முன்கூட்டியே அறிவித்து, அணை மட்டத்தை வாரா வாரம் வெளியிட்டார்கள். மக்கள் செலவைப் பாதியாகக் குறைத்தார்கள், பிறகு மழையும் கைகொடுத்தது. அந்த நாள் வரவே இல்லை. அங்கே நகரமே வைத்த பலகைதான் நாம் ஊரில் வைப்பது.

2019 ஜூலையில் சென்னைக்கு ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் போன தண்ணீர் மேட்டூர்க் காவிரித் தண்ணீர். ஒரு முறைக்கு 25 லட்சம் லிட்டர். பவானியும் நொய்யலும் அமராவதியும் போய்ச் சேரும் அதே காவிரி.

திருப்பூர் பக்கத்து ஊராக இருந்தால் பனியனைக் கையில் எடுங்கள். பருத்தி விளைவதிலிருந்து சாயம் ஏற்றுவது வரை ஒரு பருத்திச் சட்டைக்குச் சுமார் 2,700 லிட்டர் தண்ணீர் என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு, 180 குடம். இங்கிருந்து கப்பலேறும் ஒவ்வொரு பெட்டியிலும் யாரோ ஒருவர் வயலின் தண்ணீர் போகிறது. ஒரத்துப்பாளையத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். 1992-இல் பாசனத்துக்காக முடிக்கப்பட்ட அணை, சாயக்கழிவு தேங்கும் இடமாயிற்று. 2011-இல் சென்னை உயர் நீதிமன்றம், கழிவை வெளியே விடாத நிலைக்கு வரும்வரை திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. கண்ணெதிரே தண்ணீர் நின்றும் வாயில் வைக்க முடியாதது எல்லாவற்றிலும் கொடிய பஞ்சம்.

"அத்திக்கடவு - அவிநாசி வந்தாச்சே, இனி என்னங்க?" என்று கேட்பார்கள். பவானித் தண்ணீரைக் குழாயில் கொண்டுவந்து குளம் குட்டைகளை நிரப்ப 2024 ஆகஸ்டில் தொடங்கிவைக்கப்பட்ட அந்தத் திட்டம் இந்தப் பகுதியின் நெடுநாள் கனவு, அதைக் குறைத்துப் பேசக் கூடாது. கணக்கை மட்டும் போட்டுக் காட்டுங்கள். 1.5 டி.எம்.சி. (150 கோடி கன அடி) தண்ணீர், 1,045 குளம் குட்டைகள். சராசரியாக ஒன்றுக்குச் சுமார் 4 கோடி லிட்டர். ஓர் ஏக்கர் நெல்லுக்கு ஒரு போகத்துக்கு 1,200 மில்லிமீட்டர் வேண்டும் என்றால் அது 48 லட்சம் லிட்டருக்கு மேல். ஒரு குளத்துக்கு வருவது எட்டு ஏக்கர் நெல்லின் தண்ணீர். அது மண்ணுக்குள் இறங்கிக் கிணற்றை ஏற்றுகிறதா என்று பார்க்கத்தான் குட்டையோரக் கிணறு ஒன்றை நாம் எடுத்துக்கொண்டோம்.

கிராம சபை

மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள். தமிழ்நாட்டில் இப்போது அன்றைக்குக் கிராம சபை கூடுகிறது. தையில் தொடங்கியிருந்தால் உங்கள் கையில் பத்து வாரக் கணக்கு இருக்கும். நோட்டைக் கொண்டுபோய் முழுவதும் வாசிக்காதீர்கள். ஒரே அட்டையில் மூன்று கிணற்றின் கோடு, முதல் வீடு, கடைசி வீடு, ஊரில் சொட்டும் பொதுக்குழாய்களின் எண்ணிக்கை. இரண்டு நிமிடம்.

அதன்பின் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்றாக, செய்யக்கூடியதாக இருக்கட்டும். "நிலத்தடி நீரைப் பாதுகாக்க வேண்டும்" என்று தீர்மானம் போட்டால் யாரும் எதுவும் செய்ய வேண்டியதில்லை. "கிழக்குத் தெரு லைனில் கசியும் இரண்டு கேட்வால்வுகளை ஏப்ரல் 30-க்குள் மாற்றுவது" என்று எழுதினால் மே 1 கிராம சபையில் எழுந்து கேட்கலாம். கூட்டத்துக்குப் போதுமான ஆள் வந்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். 500 பேர் வரை உள்ள ஊராட்சிக்கு 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300 பேர் இருந்தால்தான் தீர்மானம் நிற்கும்.

உங்கள் பிர்கா (தாலுகாவின் உட்பிரிவு) நிலத்தடி நீரில் எந்த வகையில் இருக்கிறது என்றும் அன்று சொல்லலாம். வருடத்தில் ஊறும் அளவில் 70 சதவீதத்துக்குள் எடுத்தால் பாதுகாப்பானது, 90 வரை ஓரளவு அபாயம், 100 வரை அபாயம், 100-ஐத் தாண்டினால் அளவுக்கு மீறி உறிஞ்சப்பட்டது என்று மத்திய நிலத்தடி நீர் வாரியம் பிரிக்கிறது. சம்பளம் நூறு ரூபாய், செலவு நூற்றிருபது என்றால் எந்தக் குடும்பத்துக்கும் புரியும்.

கூட்டத்தில் யாராவது மழைநீரை நேரே போருக்குள் விட்டுவிடலாம் என்று கிளம்பினால் நிறுத்துங்கள். ஜல்லி, மணல் அடுக்கில் வடிகட்டாமல் சாலைத் தண்ணீரையும் சாக்கடைத் தண்ணீரையும் போருக்குள் விட்டால் வெடிப்புகளும் அடைபடும், சுற்றியுள்ள போர்களின் தண்ணீரும் கெடும்.

வருடக் கடைசியில் நோட்டைப் படியெடுத்துப் பள்ளியில் ஒன்று, ஊராட்சியில் ஒன்று கொடுத்துவிடுங்கள். மங்கிய பெயின்ட் குறியை அதே இடத்தில் மீண்டும் பூசுங்கள். பழைய டேப்பைப் புது டேப்போடு நீட்டிப் பார்த்து, நீண்டிருந்தால் மாற்றுங்கள். தை பிறந்ததும் முதல் ஞாயிற்றுக்கிழமை பலகையில் "போன தை" என்று இன்னொரு கட்டம் வரையுங்கள்.